திட்டினால்தான் வீட்டுக்கு விடுவார்

நான் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரில் எழுதி ஒட்டாத விதி ஒன்று இருந்தது. மயக்க டாக்டரைத் திட்டாத பிள்ளை வீட்டுக்குப் போக முடியாது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்துவிடும் தூரத்தில் இருந்தது அந்த சென்டர். முன்மேஜையில் உட்கார்ந்து பெயர் கேட்பது, போன் எடுப்பது, வருகிறவர்களின் கோபத்தை வாங்கிக்கொள்வது, இதெல்லாம் என் வேலை. பெரியவர்களை எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் அசையாமல் படுங்கள் என்றால் முணுமுணுத்துக்கொண்டாவது படுத்துவிடுவார்கள். பிள்ளைகள் படுக்காது. அந்த மெஷின் போடுகிற சத்தம் அப்படி. அதனால் சின்னப் பிள்ளைகளுக்குத் தூக்க மருந்து கொடுத்துத்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அதற்கென்றே வருகிறவர் இந்த டாக்டரம்மா. ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு. பருத்திச் சேலைக்கு மேல் நிறம் மங்கிய வெள்ளைக் கோட்டு. ஊரில் இன்னும் சில ஆஸ்பத்திரிகளுக்கும் அவர்தான் மயக்க மருந்து கொடுக்கப் போவார். ஸ்கூட்டரில் வந்து இறங்குவார். "வாரேன்", "போறேன்" தவிர எங்களிடம் சொந்தமாக எதுவும் பேசியதில்லை. அவருக்குப் பிள்ளைகள் உண்டா இல்லையா என்பதைப் பற்றி நாங்கள் டீ குடிக்கும்போதெல்லாம் பேசியிருக்கிறோம். ஒரு முடிவுக்கும் வந்ததில்லை.

ஸ்கேன் முடிந்த பிள்ளையைப் பக்கத்து அறைக் கட்டிலில் கிடத்துவார்கள். அது கண்ணைத் திறந்தாலோ அம்மா என்றாலோ அவருக்குப் போதாது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வம்புக்கு இழுப்பார்.

"ஏலே, இந்தச் சட்டை எனக்கு வேணும். கழட்டு."

"தர மாட்டேன்."

"ஒங்கம்மாவ நான் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ இங்கயே இரு."

இந்த இடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் பொங்கிவிடும். வத்தலக்குண்டிலிருந்து வந்த ஒரு பயல், "போடி கெழவி, ஒன் வண்டி டயரப் புடுங்கிருவேன்" என்றான். அவனுடைய அப்பாவுக்கு முகம் செத்துப்போனது. "டேய், டாக்டரம்மாவ அப்பிடிச் சொல்லக் கூடாதுடா" என்று கையை ஓங்கினார். டாக்டரம்மா அந்தக் கையைத் தடுத்து, "நல்லா முழிச்சிருச்சு. கூட்டிட்டுப் போங்க" என்றார். அன்றைக்கு முழுவதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

அவருக்குத் தொல்லை கொடுத்தவை மரியாதை தெரிந்த பிள்ளைகள். பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஒரு பெண் குழந்தை பாதிக் கண்ணைத் திறந்து "தேங்க் யூ ஆன்ட்டி" என்றது. குடும்பமே பூரித்துப்போய்ப் பையைத் தூக்கியது. "பைய வைங்க. இம்புட்டு மரியாதையாப் பேசுதுன்னா இன்னும் தூக்கத்துலதான் இருக்கு" என்று உட்கார வைத்துவிட்டார். அது ஒரு வழியாகத் தன் தலைமுடியைத் தொடாதே என்று சீறிய பிறகுதான் விட்டார்.

ஊர் பஸ்ஸைப் பிடிக்க அவசரப்பட்ட ஒரு தகப்பன் மட்டும் அவரிடம் நேருக்கு நேராகக் கேட்டார். "கண்ணத் தொறந்துருச்சுல்ல டாக்டர், பஸ்ல தூங்கிட்டு வரட்டுமே?"

"பஸ்ல மடியில வச்சிருப்பீங்க. திரும்பக் கண்ணு சொருகும். தலை முன்னால சாஞ்சு கழுத்து மடங்கிரும். மூச்சுக்கு வழி அடைச்சிரும். நீங்க தூங்குதுன்னு நெனச்சுத் தட்டிக் குடுத்துக்கிட்டே வருவீங்க."

அந்தத் தகப்பன் அடுத்த பஸ்ஸில் போனார்.

டாக்டரம்மா யாரையும் நம்ப மாட்டார். இதை நான் குறையாகவும் சொல்லவில்லை, பாராட்டாகவும் சொல்லவில்லை. அப்படி ஒருவர், அவ்வளவுதான். பிள்ளை எவ்வளவு எடை என்று அம்மா சொன்னால் தலையாட்டிவிட்டு, பிள்ளையைத் தானே தூக்கி எடை மெஷினில் நிறுத்துவார். நாங்கள் நிறுத்தி வைத்திருந்தாலும் மறுபடி நிறுத்துவார். மருந்தை அளந்து ஊற்றிய பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தன் கையையே நம்பாத மாதிரி.

"ஏம்மா, என்ன குடுத்த பிள்ளைக்கு?"

"ஒண்ணும் குடுக்கல டாக்டர்."

உடனே அம்மாவை விட்டுவிட்டுப் பிள்ளையிடம் திரும்புவார். "காலையில என்ன தங்கம் சாப்ட்ட, பூரியா இட்லியா?"

"பன்னு."

அம்மா பிள்ளையின் தொடையைக் கிள்ளுவாள். டாக்டரம்மா பிள்ளையின் விரல்களை எடுத்து முகர்ந்து பார்த்து, "நாளைக்கு வாங்க" என்பார். பிள்ளை மயக்கத்தில் கிடக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்தால் துப்பத் தெரியாது, நெஞ்சுக்குள் இறங்கிவிடும் என்று விளக்கியும் பார்த்திருக்கிறார். சனங்கள் கேட்டுக்கொள்வார்கள். வெறும் வயிற்றில் மருந்து கொடுத்தால் பிள்ளைக்குச் சூடு பிடிக்கும் என்று வெளியே போய்ப் பேசிக்கொள்வார்கள். என் மேஜைக்கு முன்னால்தான் பேசுவார்கள்.

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வந்த ஒருவரை மறக்க முடியாது. தோளில் பிள்ளை அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது. சளிக்குக் கொடுக்கிற மருந்தை, தூக்கம் வரட்டும் என்று வீட்டிலேயே ஊற்றிக் கூட்டி வந்திருக்கிறார். டாக்டரம்மா முடியாது என்றதும் அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"ஏனுங்க, நீங்களும் தூங்கறதுக்குத்தானுங்களே மருந்து குடுக்கறீங்க? நாங்க பாதி வேலைய வீட்லயே முடிச்சுட்டு வந்திருக்கோமுங்க."

எனக்குச் சிரிப்பு வந்து மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அந்த மருந்தும் என் மருந்தும் சேந்துச்சுன்னா பிள்ள மூச்சு விடவே மறந்துரும்யா" என்றார். அவர்களை அனுப்பவும் இல்லை. அந்தப் பிள்ளை தானாக விழித்து, அவரைப் பார்த்துப் பழிப்புக் காட்டும்வரை பெஞ்சிலேயே உட்கார வைத்திருந்தார்.

இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கோபமெல்லாம் எனக்குத்தான் வரும். சென்டர் முதலாளிக்கும் டாக்டரம்மாமேல் கடுப்பு. "வந்த கேஸைத் திருப்பி அனுப்பவா நாம ஒரு டாக்டர வச்சிருக்கோம்?" என்று என்னிடம் கேட்பார், அவரிடம் கேட்க மாட்டார்.

ஒருநாள் ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபத்தில் டாக்டரம்மாவைப் பார்த்தேன். சாப்பிட்டுத் தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் வந்தவர், இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுத் தூங்க வைத்திருந்த ஒரு கைக்குழந்தைக்கு முன்னால் நின்றுவிட்டார். குழந்தையின் முகத்தை அவர் பார்க்கவில்லை. நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏறி இறங்கியது. இன்னொரு முறை ஏறி இறங்கியது. பிறகுதான் நகர்ந்தார். குழந்தையின் அம்மா ஓடி வந்து, கண் பட்டுவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, அதைத் தூக்கி முந்தானையால் மூடிக்கொண்டாள். எனக்கும் அன்றைக்கு அவரைப் பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

மெஷின் அறைக்குள்ளும் அப்படித்தான். அத்தனை சத்தத்திலும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். பிள்ளையின் விரலில் மாட்டிய கிளிப் நாடியையும் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனையும் திரையில் காட்டும். அதையும் அவர் முழுதாக நம்பவில்லை. ஒரு கை பிள்ளையின் மேலேயே இருக்கும்.

இனி குஜிலியம்பாறையிலிருந்து வந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒரு விஷயம். சோறு, பால் எல்லாம் பல மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். வெறும் தண்ணீர் மட்டும் மருந்து கொடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம். இது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அப்படிச் சொல்ல மாட்டார். என்னையும் சொல்ல விடமாட்டார்.

"தண்ணி குடுக்கலாம்னு சொன்னா பால் குடுப்பாங்க. பால் குடுக்கலாம்னா இட்லி குடுப்பாங்க. ஒண்ணுமே குடுக்காதன்னு சொல்லு. அப்பத்தான் தண்ணியோட நிப்பாங்க."

கேட்கும்போது எனக்கும் சரியாகத்தான் பட்டது. சனங்களைத் தினமும் பார்க்கிறவள் நான்.

அந்த அம்மா முதல் நாள் பிள்ளையோடு வந்து, மறுநாள் காலைக்குப் பதிந்துவிட்டுப் போக நின்றாள். மானாவாரி நிலத்தில் பாடுபடுகிற குடும்பம். பிள்ளைக்கு நாலு வயதிருக்கும், வலிப்பு வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா டவுன்காரக் குடும்பம் ஒன்றோடு சண்டையில் இருந்தார். அவர்கள் பிள்ளைக்கு லிஃப்டுக்குள் வைத்து அத்தை ஒருத்தி பிஸ்கட் ஊட்டியிருக்கிறாள்.

"பச்சத்தண்ணி பல்லுல படக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா? மயக்கத்துல பிள்ள செத்தா யாரு பதில் சொல்றது? நீயா? ஒங்கத்தையா?"

சத்தம் வரவேற்பறை முழுக்கக் கேட்டது. குஜிலியம்பாறை அம்மா பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். நான் விவரங்களைச் சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மூடிய அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். ஆனால் நாற்கரச் சாலையில் அடிபட்ட இரண்டு பேரைக் கொண்டுவந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஸ்கேன் எடுத்து முடிக்க நேரம் இழுத்தது. அதற்கப்புறம் மெஷின் கொஞ்சம் மக்கர் பண்ணியது. பிள்ளையின் முறை மதியத்துக்குத் தள்ளிப்போனது. "செத்த நேரம் இருங்கக்கா" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் முகம் சுளிக்கவில்லை. பிள்ளையும் அழவில்லை. மடியில் சுருண்டு படுத்திருந்தது. எங்கள் டெக்னீஷியன் அதைப் பார்த்துவிட்டு, "என்னா சமத்து! தானாவே தூங்குது. இதுக்கு மருந்தே வேணாம் போல, அப்பிடியே உள்ள படுக்க வச்சிரலாம்" என்றான். எல்லாருக்கும் சந்தோஷம்.

டாக்டரம்மா வந்தார். வழக்கமான கேள்வி. "என்னம்மா குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கல."

வழக்கம்போல் அம்மாவை விட்டுப் பிள்ளையிடம் திரும்பினார். "என்ன தங்கம் சாப்ட்ட? பூரியா?"

பிள்ளை கண்ணைத் திறந்து பார்த்து, மறுபடி மூடிக்கொண்டது. அவர் அதன் விரலை முகர்வதற்காக எடுத்தார். எடுத்தவர் முகரவில்லை. கையைத் தடவினார். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்துவிட்டுப் பார்த்தார். உதட்டைப் பிரித்து நாக்கைப் பார்த்தார்.

"இது தூக்கம் இல்ல" என்றார்.

அந்த அம்மாவிடம் திரும்பினார். "ஏம்மா, கடைசியாத் தண்ணி எப்பக் குடிச்சா?"

"நேத்துப் பொழுதடையவே நிப்பாட்டிட்டேன் டாக்டர்." அவள் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. "எச்சியக்கூட முழுங்கக் கூடாதுன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன். பஸ்ஸெல்லாம் தண்ணி தண்ணின்னு அழுதா. நான் மொகத்தத் திருப்பிக்கிட்டேன்."

"யாரு உன்ன இப்பிடிச் செய்யச் சொன்னது?"

அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "நீங்கதான் டாக்டர். பச்சத்தண்ணி பல்லுல படக் கூடாதுன்னு நேத்துச் சொன்னீங்களே. பட்டா செத்துரும்னு." அப்புறம், அதுவும் கேட்பார்களோ என்று, "நானும் குடிக்கல டாக்டர். அவளுக்குக் குடுக்காம நான் எப்பிடிக் குடிக்கிறது?" என்றாள்.

அடுத்த கொஞ்ச நேரம் எல்லாம் வேகமாக நடந்தது. பிள்ளையின் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், மிகவும் இறங்கியிருந்தது. சுருங்கிக் கிடந்த கைகளில் நரம்பு அகப்படவில்லை. டாக்டரம்மாவே தேடி, ஒரு வழியாகக் காலில் ஊசியை ஏற்றினார். குளுக்கோஸ் இறங்க இறங்கப் பக்கத்தில் நின்று, முதல்முறையாக நெஞ்சைப் பார்க்காமல் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிலைமையில் தூக்க மருந்தும் உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டெக்னீஷியன் கேட்டான். அவர் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். கொஞ்சம் கழித்துப் பிள்ளை அழுதது. கண்ணீர் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த அம்மாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்கெல்லாம் லேசாக இருந்திருக்கும்.

அன்றைக்கு ஸ்கேன் இல்லை. பிள்ளைகளைப் பார்க்கிற ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தன் கூடவே அழைத்துப் போனார். அத்தனை வருஷமும் பொய் சொன்ன அம்மாக்களின் பிள்ளைகளெல்லாம் பத்திரமாக வீட்டுக்குப் போனார்கள். அவர் சொன்னதை அப்படியே நம்பியவள் இவள் ஒருத்தி. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. முந்தின நாளே என்னிடம் போன் நம்பர்களை வாங்கிக்கொள்வார். விடிந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே போன் போடுவார். "நான் மயக்க டாக்டர் பேசுறேன். பிள்ள எந்திரிச்சிருச்சா? இப்ப ஒரு தம்ளர் தண்ணி குடு. வெறும் தண்ணி. பால் இல்ல, காப்பி இல்ல. குடிச்சிருச்சான்னு சொல்லு, வைக்கிறேன்." அவர்கள் வழியில் இருக்கும்போது முறை தள்ளிப்போனால் மறுபடி போடுவார். சில பேர் ஏதோ ஏமாற்றுக்காரர்கள் என்று பயந்து என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இதற்காக அவர் சனங்களை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். வந்த பிறகு விரலை முகர்வது அப்படியேதான் இருந்தது.

ஒரு வாரம் கழித்துக் குஜிலியம்பாறைப் பிள்ளை திரும்ப வந்தது. அந்த அம்மா வரவேற்பறைக்குள் நுழைந்ததும், "குடுத்துட்டேன், தண்ணி குடுத்துட்டேன்" என்று என்னிடமே ஒப்பித்தாள். பிள்ளை இந்த முறை மேஜையில் இருந்த பேனாவை எடுக்கப் பார்த்தது. டாக்டரம்மா எடை நிறுத்தினார், மருந்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கொடுத்தார். பிள்ளை தூங்கியது. இது தூக்கம்தான். உள்ளே போய் மெஷின் சத்தம் அடங்கும்வரை வெளியில் அந்த அம்மா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. எனக்கும் அன்றைக்குப் போன் எடுக்க மனசில்லை.

ஸ்கேன் நல்லபடியாக முடிந்தது. கட்டிலில் கிடத்தினார்கள். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தது. டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டார். நாங்கள் இரண்டு மூன்று பேர் வாசலில் கூடிவிட்டோம். பிள்ளை வாயிலிருந்து என்ன வரும் என்று கேட்கிற ஆசை.

"இந்தப் பாவாட எனக்கு வேணும். குடுத்துரு."

பிள்ளை பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டது.

"நான் யாருன்னு தெரியுதா? தெரிஞ்சா திட்டு பாப்போம்."

பிள்ளை அவரையே வெகுநேரம் பார்த்தது. பிறகு தெளிவாகச் சொன்னது. "நீதான் எனக்குத் தண்ணி குடுக்காதன்னு சொன்ன."

சிரிக்கத் தயாராக நின்ற நாங்கள் அப்படியே நின்றோம். அந்த அம்மா பாய்ந்து போய்ப் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். "தெரியாமச் சொல்லுது டாக்டர், மனசுல வச்சுக்காதீங்க."

டாக்டரம்மா அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டார். "தெரிஞ்சுதான் சொல்லுது" என்றார். பிள்ளையிடம் குனிந்து, "ஆமா தங்கம். நான்தான் சொன்னேன்" என்றார்.

"இப்பக் குடு."

அவர் பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்தார். தலை நிற்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். நின்றது. தம்ளரில் தண்ணீர் எடுத்து, முதலில் ஒரு வாய், அது இறங்கியதைப் பார்த்து இன்னொரு வாய் என்று கொடுத்தார். பிள்ளை பொறுக்காமல் தம்ளரை அவர் கையிலிருந்து பிடுங்கி மிச்சத்தைக் குடித்தது.

அவர் இன்னொரு தம்ளர் ஊற்றி, நின்றுகொண்டிருந்த அந்த அம்மாவிடம் நீட்டினார். அவள் அன்றைக்கும் குடித்திருக்க மாட்டாள் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் வாங்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தாள்.

"நல்லா முழிச்சிருச்சு. கூட்டிட்டுப் போம்மா" என்றார் டாக்டரம்மா.